டிராஃப்ட் லீக்கில் விம்சிகாட்: எந்தச் சுற்றில், யாருக்காக?

முறை வைத்துப் போக்கிமான்களை எடுத்து அணி கட்டி ஆடும் போக்கிமான் டிராஃப்ட் லீக்கில் புதிதாகச் சேர்பவர்கள், விம்சிகாட் என்ற போக்கிமானை எடுத்த வாரத்திலேயே அதைத் திட்டத் தொடங்குவதைப் பல பருவங்களாகப் பார்த்து வருகிறேன். "வேகமாக இருக்கிறது, ஆனால் ஒரே அடியில் விழுந்துவிடுகிறது" என்பதுதான் எல்லோருடைய புகாரும். அது விழுவதில் தவறொன்றும் இல்லை. எந்தச் சுற்றில் விழ வேண்டும், அதனால் எந்தக் கூட்டாளிக்கு எத்தனை சுற்றுகள் கிடைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் அதைக் களத்தில் இறக்குவதுதான் தவறு. அந்தத் தீர்மானத்துக்கு எந்த வரிசையில் வந்து சேர வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒன்பதாம் தலைமுறை விதிகளில், ஆளுக்கு ஆறு போக்கிமான்களுடன் ஒற்றைக்கு ஒற்றையாக, 100ஆம் நிலையில் ஆடப்படும் லீக்கை மனத்தில் வைத்தே கணக்குகள் தரப்பட்டுள்ளன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவதாக, உங்கள் லீக்கின் விதித்தாள் வேண்டும். அதில் மூன்று செய்திகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: டெரா மாற்றத்துக்கு (ஆட்டத்தின் நடுவே போக்கிமான் தன் வகையை மாற்றிக்கொள்வது) யாருக்கு அனுமதி, பருவத்தின் நடுவில் வீரர்களை மாற்றிக்கொள்ள எத்தனை வாய்ப்பு, சமநிலையில் தரவரிசை எப்படி முடிவாகிறது. பெரும்பாலான லீக்குகளில், வென்றவரிடம் எத்தனை போக்கிமான்கள் மிஞ்சின என்ற வித்தியாசக் கணக்கு தரவரிசையைப் பாதிக்கும். தன்னையே பலி கொடுக்கக்கூடிய ஒரு துணை வீரரைப் பயன்படுத்தும்போது இந்த ஒரு விதி உங்கள் மூவ் (ஒரு சுற்றில் போக்கிமான் செய்யும் செயல்) தேர்வையே மாற்றிவிடும்.

இரண்டாவதாக, அந்த வார எதிரியின் முழு அணிப் பட்டியல் வேண்டும். டிராஃப்ட் லீக்கின் சாரமே இதுதான்: எதிரியிடம் யார் யார் இருக்கிறார்கள் என்பது முன்பே தெரியும், அவருக்கும் உங்களிடம் விம்சிகாட் இருப்பது தெரியும். ஆகவே பொதுவான நல்ல அமைப்பு என்று ஒன்று கிடையாது. இந்த வாரத்து அமைப்பு மட்டுமே உண்டு.

மூன்றாவதாக, விம்சிகாட்டின் எண்கள் மனப்பாடமாக வேண்டும். அடிப்படை மதிப்புகள்: உயிர் 60, தாக்குதல் 67, தற்காப்பு 85, சிறப்புத் தாக்குதல் 77, சிறப்புத் தற்காப்பு 75, வேகம் 116. புல்லும் ஃபேரியும் சேர்ந்த இரட்டை வகை. நஞ்சு அதை நான்கு மடங்கு தாக்கும். எஃகு, நெருப்பு, பனி, பறக்கும் வகை ஆகியவை இரண்டு மடங்கு. டிராகன் மூவ்கள் அதைத் தொடவே தொடா. நீர், நிலம், மின், புல், சண்டை, டார்க் ஆகியவை பாதியாகக் குறையும். "ஒரே அடியில் விழுகிறது" என்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் படிக்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

நான்காவதாக, பிராங்க்ஸ்டர் என்ற அதன் திறன் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சேதம் விளைவிக்காத நிலை மூவ்களுக்கு மட்டும் அது ஒரு படி முன்னுரிமை தருகிறது. தாக்குதல் மூவ்களான மூன்பிளாஸ்டுக்கும், அடித்துவிட்டுக் கூட்டாளியோடு இடம் மாறும் யு-டர்னுக்கும் அந்த முன்னுரிமை கிடையாது. அவை வெறும் வேகத்தின்படியே நடக்கும்.

2. முதலில் கூட்டாளி, பிறகு விம்சிகாட்

டிராஃப்டில் இதை முதலிரண்டு தேர்வுகளில் எடுக்காதீர்கள். இது தானாக ஆட்டத்தை வெல்லும் போக்கிமான் அல்ல. வெல்லக்கூடிய வேறொருவருக்குச் சுற்றுகளை வாங்கித் தருவது. வாங்கித் தர ஆள் இல்லாதபோது வாங்குபவருக்கு வேலை இல்லை. ஆகவே பலமாக அடிக்கக்கூடிய, ஆனால் வேகத்தில் பின்தங்கிய ஒருவரையாவது எடுத்த பிறகே விம்சிகாட்டைப் பற்றி யோசியுங்கள்.

எனக்குப் பிடித்த இணை ஹீட்ரான். காரணம் வகைக் கணக்கிலேயே இருக்கிறது. விம்சிகாட்டின் ஐந்து பலவீனங்களையும் ஹீட்ரான் ஒருவரே ஏற்றுக்கொள்கிறார்: நஞ்சு படாது, ஃபிளாஷ் ஃபயர் திறன் இருந்தால் நெருப்பும் படாது, எஃகும் பனியும் கால்பங்காகும், பறக்கும் வகை பாதியாகும். திருப்பிப் பார்த்தால் ஹீட்ரானை நான்கு மடங்கு தாக்கும் நில மூவ்களும், அதற்குப் பலவீனமான நீரும் சண்டையும் விம்சிகாட்டின்மேல் பாதியாகவே விழும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் உள்ளே வந்து போக முடியும் என்பதால், விம்சிகாட் அடி வாங்காமல் களத்துக்குள் நுழையும் வாய்ப்புகள் பெருகும்.

ஹீட்ரான் ஏற்கெனவே எடுபட்டுவிட்டால், கூட்டாளியிடம் இரண்டு தகுதிகளைத் தேடுங்கள். ஒன்று, எஃகு வகையாக இருப்பது. நஞ்சு மூவ்கள் வரும்போது ஒதுங்க இடம் கிடைக்கும். மற்றொன்று, இரண்டே சுற்றுகளில் ஆட்டத்தின் போக்கை மாற்றும் அடி. பத்துச் சுற்றுகள் நின்று மெல்ல அரைக்கும் தற்காப்பு அணிக்கு விம்சிகாட் பொருந்தாது. அப்படி அணி கட்டிவிட்டு இதையும் எடுத்தவர்கள் பருவம் முழுவதும் இதைப் பெஞ்சில் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு, களத்தில் விரிக்கப்படும் கற்களையும் முட்களையும் அகற்ற ஒருவரைக் கட்டாயம் எடுங்கள். விம்சிகாட் தரையில் நடப்பது. ஸ்டெல்த் ராக் ஒவ்வொரு நுழைவிலும் எட்டில் ஒரு பங்கு உயிரை எடுக்கும், மூன்று அடுக்கு ஸ்பைக்ஸ் கால் பங்கை எடுக்கும், டாக்ஸிக் ஸ்பைக்ஸ் நஞ்சேற்றும். ஆட்டத்துக்கு மூன்று நான்கு முறை உள்ளே வந்து போக வேண்டிய ஒருவருக்கு இது தாங்காது.

3. எதிரணியில் தடுப்பவர் பட்டியல்

ஒவ்வொரு வாரமும் மூவ்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாகவே இந்தப் பட்டியலைப் போட வேண்டும். புதியவர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள்: பழகிய நான்கு மூவ்களை வைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறார்கள், முதல் என்கோர் (எதிரியைக் கடைசி மூவையே திரும்பப் போட வைப்பது) பலிக்காமல் போன பிறகே ஏன் என்று கேட்கிறார்கள்.

டார்க் வகைப் போக்கிமான்கள்மேல் பிராங்க்ஸ்டரின் முன்னுரிமை பெற்ற மூவ்கள் பலிக்கவே பலிக்காது. இது ஏழாம் தலைமுறையில் வந்த விதி. முன்னுரிமை மட்டும் போய் மூவ் தாமதமாக நடக்கும் என்று எண்ணுகிறவர்கள் பலர். அப்படியல்ல, மூவே தோற்றுவிடும். டெரா அனுமதிக்கப்பட்ட லீக்கில், டார்க் வகைக்கு மாறக்கூடியவர் யார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கோல்டெங்கோ தன் திறனால் எதிரி ஏவும் எல்லா நிலை மூவ்களையும் தடுத்துவிடும். ஹேட்டரீன், எஸ்பியான், ஜாட்டு ஆகியவற்றுக்கு மேஜிக் பவுன்ஸ் இருந்தால், நீங்கள் ஏவும் டான்டும் (எதிரியை நிலை மூவ் போட விடாதது) லீச் சீடும் (சுற்றுதோறும் எதிரியின் உயிரை உறிஞ்சுவது) உங்களிடமே திரும்பி வரும். சைக்கிக் டெரெய்ன் விரிந்திருக்கும்போது தரையில் நிற்கும் எதிரியின்மேல் முன்னுரிமை மூவ்கள் செல்லா. அதை விரிக்கும் இன்டீடீ எதிரணியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாரிகிராஃபின் ஆர்மர் டெயில், சாரீனாவின் குவீன்லி மெஜஸ்டி, புரக்சிஷின் டாஸ்லிங் ஆகிய மூன்று திறன்களும் அதே வேலையைச் செய்பவை.

இவற்றில் எதுவும், உங்கள் பக்கத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கும் டெயில்விண்டைத் தடுக்காது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். அது எதிரியைக் குறிவைப்பதில்லை; உங்கள் பக்கத்தில் வீசுவது. தடுப்பவர்கள் நிறைந்த வாரத்தில் விம்சிகாட்டின் வேலை டெயில்விண்டாகச் சுருங்கும், தடுப்பவர் இல்லாத வாரத்தில் என்கோராக விரியும். எதிரணியிலிருந்து வரக்கூடிய ஆறு பேரில் மூவர் தடுப்பவர்களாகவும், உங்கள் கூட்டாளிக்கு டெயில்விண்ட் தேவைப்படாமலும் இருந்தால், அந்த வாரம் அதை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் சரி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

4. நான்கு மூவ்களைத் தேர்ந்தெடுத்தல்

விம்சிகாட்டால் செய்ய முடிந்தவை ஏராளம் என்பதே தேர்வைக் கடினமாக்குகிறது. நான் முதலில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: "இந்த வாரம் இது இன்னாருக்காக, இன்னாரின் எதிரில் செலவாகும்." அந்த வாக்கியத்துக்கு உதவாத மூவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியே போகும்.

என்கோர், எதிரி தன் பலத்தைப் பெருக்கும் மூவ் போடுபவராக இருந்தால் வேண்டும். டான்ட், எதிரி கற்களை விரிப்பவராகவோ தன்னைக் குணமாக்கிக்கொள்பவராகவோ இருந்தால் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்பவை என்பதால் இரண்டையும் எடுத்துச் செல்வது பெரும்பாலும் வீண். ஒரே வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: டான்ட் போட எதிரி முன்பு எதுவும் செய்திருக்கத் தேவையில்லை, என்கோருக்கு அவர் ஏற்கெனவே ஒரு மூவ் போட்டிருக்க வேண்டும்.

யு-டர்ன் எனக்கு ஏறத்தாழ நிரந்தர உறுப்பினர். அதன் சேதம் பொருட்டல்ல. எதிரி ஆளை மாற்றினால், மாற்றம் முடிந்த பிறகே யு-டர்ன் நடக்கும்; ஆகவே யார் வந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு உங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: எதிரி மாறாமல் நின்றால், விம்சிகாட் வேகமாக இருப்பதால் யு-டர்ன் முதலில் நடந்து, உள்ளே வரும் கூட்டாளிதான் அந்தச் சுற்றின் அடியை வாங்குவார். மெதுவான போக்கிமானின் யு-டர்ன் தன் கூட்டாளியைப் பத்திரமாக இறக்கிவிடும், விம்சிகாட்டினுடையது அப்படியல்ல. அந்த அடியை மழுங்கடித்த பிறகு, அதாவது எதிரி என்கோரில் சிக்கிய பிறகு யு-டர்ன் போடுவதே ஒழுங்கான வரிசை.

மூன்பிளாஸ்டை ஒரு காரணத்துக்காகச் சேர்க்கலாம்: பிராங்க்ஸ்டர் பலிக்காத டார்க் வகையினரை அது இரண்டு மடங்காகத் தாக்கும். மேலும், தாக்குதல் மூவ் ஒன்றுமே இல்லாத விம்சிகாட்டை எதிரி டான்ட் போட்டு முடக்கிவிடுவார். யு-டர்னோ மூன்பிளாஸ்டோ ஏதேனும் ஒன்றாவது இருக்கட்டும்.

லீச் சீடும், தனக்குப் பதில் அடி வாங்கும் பொம்மையை நிறுத்தும் சப்ஸ்டிட்யூட்டும் சேர்ந்த எரிச்சலூட்டும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது வேறொரு வேலை. புல் வகை எதிரியிடம் லீச் சீட் பலிக்காது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். எதிரியை மரத்துப்போகச் செய்யும் ஸ்டன் ஸ்போரும் புல் வகையிடமும் மின் வகையிடமும் பலிக்காது.

5. வேகக் கணக்கு

வேகத்துக்கு 252 ஈ.வி. (மதிப்புகளை உயர்த்தப் பங்கிடும் பயிற்சிப் புள்ளிகள்) முழுவதையும் கொட்டுவது பழக்கதோஷம். வேகத்தைக் கூட்டும் டிமிட் இயல்போடு அப்படிச் செய்தால் வேகம் 364 வரும். ஆனால் நிலை மூவ்கள் முன்னுரிமையால் எப்படியும் முதலில் நடக்கப்போகின்றன. வேகம் உண்மையில் தேவைப்படுவது யு-டர்னுக்கும் மூன்பிளாஸ்டுக்கும், ஒரே முன்னுரிமைப் படியில் வருபவர்களோடு போட்டியிடுவதற்குமே.

எனவே எதிரணியில் நீங்கள் முந்த வேண்டியவர்களில் மிக வேகமானவரைக் கண்டுபிடியுங்கள். உதாரணமாக அவருடைய அடிப்படை வேகம் 100 என்றால், அவர் எட்டக்கூடிய உச்சம் 328. டிமிட் விம்சிகாட்டுக்கு 128 ஈ.வி. கொடுத்தாலே 330 ஆகிவிடும். மிஞ்சியதில் 252 ஐ உயிருக்கும் 128 ஐத் தற்காப்புக்கும் போடலாம். உயிர் 261 இலிருந்து 324 ஆக உயர்கிறது. ஒரே அடியில் விழுவதற்கும் அடி வாங்கிக்கொண்டு இன்னொரு மூவ் போடுவதற்கும் இடையிலான இடைவெளி பல வாரங்களில் அந்த 63 புள்ளிகளுக்குள்தான் இருக்கிறது. சேதக் கணிப்பானில் எதிரியின் முக்கியத் தாக்குபவர் ஒவ்வொருவரையும் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

முன்னுரிமைப் படிகளிலும் ஒரு பாடம் உண்டு. எதிரியின் புல்லட் பஞ்ச் உங்கள் நிலை மூவ்களோடு ஒரே படியில் நிற்பது. அங்கே வேகம் தீர்ப்பளிக்கும், ஆகவே ஸைசரை நீங்கள் முந்துவீர்கள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் அதற்கு மேல் படியில் இருப்பதால் டிராகனைட் உங்களை முந்தும். சக்கர் பஞ்ச், எதிரி தாக்குதல் மூவைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே பலிப்பது. நிலை மூவ் போடும் விம்சிகாட்டின்மேல் அது காற்றில்தான் விழும். எதிரியிடமும் பிராங்க்ஸ்டர் உள்ள டார்னடஸோ மர்க்ரோவோ இருந்தால் மட்டும் வேகத்தைக் குறைக்காதீர்கள். அவற்றின் அடிப்படை வேகம் முறையே 111, 91.

6. என்ன பொருளைக் கொடுப்பது

ஆட்டத்தின் முதல் சுற்றில் இறக்குவதாக இருந்தால், ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ். முழு உயிரோடு இருக்கும்போது மட்டுமே அது காப்பாற்றும் என்பதால், கற்கள் விரிந்த பிறகு உள்ளே வரும் விம்சிகாட்டிடம் அது வெறும் துணிப்பட்டை. நடுவில் பலமுறை வந்து போவதாக இருந்தால், கற்களும் முட்களும் தீண்ட விடாத ஹெவி-டியூட்டி பூட்ஸ். எதிரி டான்ட் வைத்திருப்பது உறுதியென்றால், அதை ஒருமுறை நீக்கும் மென்டல் ஹெர்ப். இதற்கு மேல் யோசிப்பதற்கு இந்தப் படியில் அதிகம் இல்லை.

7. என்கோர்: சுற்றுகளை விரல்விட்டு எண்ணுங்கள்

தோல்விகளில் பாதி இங்கேதான் விளைகிறது என்பதால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

என்கோர் எதிரியை, அவர் கடைசியாகப் போட்ட மூவையே திரும்பப் போட வைக்கிறது. விம்சிகாட் முன்னுரிமையால் முதலில் நகர்வதால், அதே சுற்றிலேயே எதிரி பழைய மூவைப் போட்டாக வேண்டும். அவர் இந்தச் சுற்றில் என்ன தேர்ந்தெடுத்தார் என்பது செல்லாது. இதிலிருந்து முதல் விதி: எதிரி அப்போதுதான் களத்துக்கு வந்தவராக இருந்தால் என்கோர் தோற்கும், ஏனெனில் திரும்பப் போட அவரிடம் எதுவும் இல்லை. ஆட்டத்தின் முதல் சுற்றில் என்கோர் போடுவது இதனால் எப்போதும் வீண். எதிரி ஆளை மாற்றும் சுற்றில் போட்டாலும் அதே கதிதான்.

ஆகவே உள்ளே நுழையும் நேரம்தான் எல்லாமே. இரண்டு நல்ல வாசல்கள் உண்டு. எதிரி, தன் தாக்குதலை இரண்டு படி உயர்த்தும் சுவோர்ட்ஸ் டான்ஸோ, ஸ்டெல்த் ராக்கோ போடுவார் என்று ஊகித்து, அவர் அதைப் போடும் அதே சுற்றில் விம்சிகாட்டை மாற்றி இறக்குவது முதலாவது. உங்கள் ஆள் ஒருவர் வீழ்ந்த பிறகு அவருடைய இடத்தில் அடியே வாங்காமல் இறக்குவது இரண்டாவது. இரண்டாவது வாசலில், வீழ்த்திய மூவ்தான் எதிரியின் கடைசி மூவ். அது டிராகன் மூவ் என்றால் விம்சிகாட்டை அது தொடாது. எதிரி மூன்று சுற்றுகள் பொம்மையாக நிற்பார் அல்லது ஓடுவார். அது எர்த்குவேக் என்றால் பாதிச் சேதத்தோடு ஒருமுறை தாங்கிவிட்டு, பறக்கும் வகைக் கூட்டாளியை அடுத்த சுற்றில் செலவில்லாமல் இறக்கலாம்.

இப்போது எண்ணிக்கை. பிராங்க்ஸ்டரோடு போட்ட என்கோர், போட்ட சுற்றையும் சேர்த்து மூன்று சுற்றுகள் நீடிக்கும். எதிரி சுவோர்ட்ஸ் டான்ஸில் சிக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்று: நீங்கள் என்கோர் போடுகிறீர்கள்; அவர் மீண்டும் ஆடுகிறார், பலம் +4. இரண்டாம் சுற்று: நீங்கள் கூட்டாளியை மாற்றி இறக்குகிறீர்கள்; அவர் மீண்டும் ஆடுகிறார், +6. மூன்றாம் சுற்று: உங்கள் கூட்டாளிக்கு ஒரே ஒரு இலவசச் சுற்று. அது முடிந்ததும் கட்டு அவிழும். நான்காம் சுற்றில் எதிரே நிற்பவர் உச்ச பலத்தோடு விடுதலையான ஒருவர்.

புதியவர் ஒருவர் இந்த மூன்றாம் சுற்றில் தன் கூட்டாளியையும் பலம் பெருக்க வைத்ததைப் பார்த்தேன். அவர் எண்ணிக்கையை என்கோர் போட்ட சுற்றுக்குப் பிறகு தொடங்கியிருந்தார். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று நம்பியிருந்தார். அடுத்த சுற்றில் ஒரே அடியில் கூட்டாளி போனார், அதற்கடுத்து மற்ற மூவரும். ஆகவே என்கோர் போடும் முன் பார்க்க வேண்டிய விதி இதுதான்: மூன்றாம் சுற்றில் எதிரியை வீழ்த்தவோ, கலைத்து வெளியேற்றவோ முடிந்த ஆள் கைவசம் இல்லையென்றால், பலம் பெருக்கும் மூவில் எதிரியைப் பூட்டாதீர்கள். அனுபவமுள்ள எதிரி பெரும்பாலும் இரண்டாம் சுற்றிலேயே ஆளை மாற்றிவிடுவார்; அதனால்தான் அந்தச் சுற்றில் வெறுமனே ஆளை மாற்றுவதைவிட யு-டர்ன் நல்லது. அவர் மாறினால் வந்தவரைப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மாறாவிட்டால் சுவோர்ட்ஸ் டான்ஸ் கூட்டாளியைக் காயப்படுத்தப் போவதில்லை.

ஸ்டெல்த் ராக், தன்னைக் குணமாக்கும் ரிகவர் போன்றவற்றில் பூட்டும்போது இந்தப் பதற்றம் இல்லை. ஏற்கெனவே விரிந்த கல்லை மறுபடி விரிக்க முடியாது. அங்கே இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் கூட்டாளி பலம் பெருக்கிக்கொள்ளலாம்.

எதிரி சப்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் என்கோரும் டான்டும் அதைத் தாண்டிச் செல்லும் என்பது கூடுதல் செய்தி. தன்னைப் பலிகொடுக்கும் மெமென்டோவும் ஸ்டன் ஸ்போரும் தாண்டாது.

8. டெயில்விண்ட்: சாவதற்கும் நேரம் பார்க்க வேண்டும்

டெயில்விண்ட் நான்கு சுற்றுகள் வீசும். போட்ட சுற்றும் அதில் ஒன்று. உங்கள் பக்கத்தினர் எல்லோருடைய வேகமும் இரண்டு மடங்காகும். இதன் மதிப்பைக் கணக்கில் பாருங்கள். கிங்காம்பிட்டின் அடிப்படை வேகம் வெறும் 50. இயல்பின் உதவியில்லாமல் முழு ஈ.வி. கொடுத்தால் 199. டெயில்விண்டில் 398. அடிப்படை வேகம் 130 உள்ள ஏரோடாக்டில், ஜோல்டியான், குரோபாட் ஆகியவற்றின் உச்சம் 394. ஹீட்ரான் 253 இலிருந்து 506 ஆகிறது. அடிப்படை வேகம் 100 உள்ளவர் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்து எட்டும் 492 ஐயும் அது முந்துகிறது.

கூட்டாளிக்கு எத்தனை சுற்றுகள் கிடைக்கும் என்பது விம்சிகாட் எப்படி வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. டெயில்விண்ட் போட்ட அதே சுற்றில் எதிரி விம்சிகாட்டை வீழ்த்திவிட்டால், கூட்டாளி அடி வாங்காமல் வருகிறார், முழுதாக மூன்று சுற்றுகள் அவருக்கு. விம்சிகாட் பிழைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் யு-டர்னோ மாற்றமோ செய்தால் இரண்டே சுற்றுகள்தான், அதுவும் கூட்டாளி ஓர் அடி வாங்கிக்கொண்டு வரும் அபாயத்தோடு. விம்சிகாட் பிழைப்பது சில சமயம் நமக்கே நட்டம் என்பது இங்கேதான் தெரியும். இந்த வேலைக்காக இறக்கும் வாரத்தில் அதன் உடலுக்கு ஈ.வி. ஏற்றிக் காப்பாற்ற முயல்வது தன் காலில் தானே இடறுவதற்கு ஒப்பானது. நல்ல எதிரிக்கும் இது தெரியும். அவர் அடிக்காமல், அடி படாமல் காக்கும் ப்ரொடெக்ட் போட்டோ ஆளை மாற்றிக்கொண்டோ காற்று ஓய்வதற்குக் காத்திருப்பார்.

இன்னொரு பிழை, டெயில்விண்டை மிகச் சீக்கிரம் போடுவது. எதிரணியில் உங்கள் கூட்டாளியின் அடியைத் தாங்கி நிற்பவர் உயிரோடு இருக்கும்வரை வேகத்தால் பயனில்லை. அவர் பலவீனப்பட்ட பிறகே போடுங்கள். ஒருமுறை நானே அவசரப்பட்டுப் போட்டுவிட்டு, கிடைத்த மூன்று சுற்றுகளும் எதிரியின் தற்காப்பாளர் ஒருவர் தன்னைக் குணமாக்கிக்கொள்வதை வேடிக்கை பார்ப்பதிலேயே கழிந்தன.

9. மெமென்டோவும் வித்தியாசக் கணக்கும்

மெமென்டோ விம்சிகாட்டைப் பலிகொடுத்து, எதிரியின் தாக்குதலையும் சிறப்புத் தாக்குதலையும் தலா இரண்டு படி குறைக்கும். எதிரி அந்த நிலையில் நின்றால் உங்கள் கூட்டாளி பலம் பெருக்கலாம். ஓடினாலும் ஒரு சுற்று கிடைக்கும்.

ஆனால் டிராஃப்ட் லீக்கில் இதற்கு ஒரு கூடுதல் விலை உண்டு: நீங்களே உங்கள் ஆளைக் கொன்று, வித்தியாசக் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறீர்கள். வெற்றி ஏறத்தாழ உறுதியாக இருக்கும் ஆட்டத்தில், முடிவை இன்னும் அழகாக்குவதற்காக மெமென்டோ போடாதீர்கள். பருவத்தின் கடைசியில் ஒரே ஒரு வித்தியாசத்தில் தகுதிச் சுற்றை இழந்தவர்கள் உண்டு. தோற்கக்கூடிய ஆட்டத்தைத் திருப்புவதற்கு மட்டுமே அதை வையுங்கள்.

போடுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: எதிரே டார்க் வகை இல்லை, சப்ஸ்டிட்யூட் இல்லை, மதிப்பைக் குறைக்க விடாத கிளியர் பாடி போன்ற திறனோ கிளியர் அமுலெட்டோ இல்லை.

10. முதல் ஆளாக இறக்குவதா?

எதிரணியின் முதல் ஆள் கற்களை விரிப்பவராக இருப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், டான்ட் எடுத்துக்கொண்டு முதலில் இறக்குங்கள். முன்னுரிமையோடு போகும் டான்ட் அவரை விரிக்க விடாது. ஆனால் அந்த விரிப்பவர் டிங்-லூவாக இருந்தால் டார்க் வகை, டான்ட் பலிக்காது. ஹிசுயி சாமுராட் என்றால் இரட்டைத் தடை: அதுவும் டார்க் வகை, அது முட்களை விரிக்கும் சீஸ்லெஸ் எட்ஜும் தாக்குதல் மூவ் என்பதால் டான்ட் எதையும் தடுத்திருக்காது.

மற்ற வாரங்களில் விம்சிகாட்டைப் பின்னால் வைத்திருங்கள். அணி முன்காட்சியில் அது தெரிந்தாலே, பலம் பெருக்கும் மூவை நம்பி வந்த எதிரி ஒவ்வொரு முறையும் தயங்குவார். அந்தத் தயக்கம் உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது. விம்சிகாட் விழுந்த கணத்திலேயே அதுவும் போய்விடும். ஆகவே எதிரணியில் பலம் பெருக்குபவர் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை, வெறும் சேதத்துக்காகவோ, வேறொருவருக்குப் பதிலாக அடி வாங்குவதற்காகவோ அதைப் பலியிடாதீர்கள்.

11. ஆட்டம் முடிந்த பிறகு

இணையத்தில் ஆட்டம் நடக்கும் ஷோடவுனில் ஆட்டப் பதிவைத் திறந்து ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: விம்சிகாட்டின் ஒவ்வொரு மூவுக்கும் பிறகு, உங்கள் கூட்டாளி எதிரியின் அடியை வாங்காமல் எத்தனை சுற்றுகள் ஆடினார்? அது எத்தனை பேரை வீழ்த்தியது என்று எண்ண வேண்டாம். அந்த எண் ஏறத்தாழ எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் இதை அவசரமாக விற்றுவிடுகிறார்கள்.

மூன்று வாரங்களுக்கு அந்த எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் இரண்டுக்குக் குறைவாகவே வந்தால், முதலில் மீதமுள்ள எதிரிகளின் அணிகளில் தடுப்பவர் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். தடுப்பவர்கள் நிறைந்த அட்டவணை உங்களுக்கு வாய்த்திருந்தால் நடுப்பருவ மாற்றத்தில் இதைக் கொடுத்துவிடலாம். தடுப்பவர்கள் குறைவாக இருந்தும் எண்ணிக்கை குறைந்தால், மாற்ற வேண்டியது விம்சிகாட்டை அல்ல. அது வாங்கித் தந்த சுற்றுகளைச் செலவழிக்கத் தெரியாத கூட்டாளியை.